டாக்டர் பதில்கள்: நாய்க்கடி, அம்மை, அக்கி, ஃப்ளூ

இந்த இதழுக்கு வைரஸ் நோய்களையும் தடுப்பூசிகளையும் பற்றி வந்த கடிதங்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டோம். ஏன் இந்த நாளில், ஏன் இந்த இடத்தில், ஏன் இத்தனை தடவை என்பதுதான் பலரின் கேள்வி. அந்தந்த வைரஸ் உடம்புக்குள் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்தால் பாதி விடை தானாகவே வந்துவிடும்.

என் 11 வயது மகனைத் தெருநாய் கணுக்காலில் கடித்து ரத்தம் வந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் கடிவாய்க்குள்ளேயே பல தடவை குத்தி ஒரு மருந்து போட்டார்கள், பையன் துடித்துவிட்டான். பிறகு இரண்டு தோளிலும் கொசு கடித்த அளவுக்கு ஒவ்வொரு ஊசி. தையலும் போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தனியாரில் முழுக் குப்பி மருந்தையும் போட்டார்களாம். எங்களுக்குக் குறைத்துவிட்டார்களா?
— வாசகர், விருதுநகர்

குறைக்கவில்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஒவ்வொன்றையும் முறைப்படிதான் செய்திருக்கிறார்கள்.

ரேபிஸ் வைரஸ் நாயின் எச்சிலில் வருகிறது. கடித்ததும் ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் பரவும் வகை அல்ல இது. கடிபட்ட சதையில் சில காலம் தங்கி, அங்கே வந்து முடியும் நரம்பு நுனியைப் பிடித்துக்கொள்கிறது. நரம்பு செல் தன் நுனியிலிருந்து நடுப்பகுதிக்குப் பொருள்களை இழுத்துக்கொள்ள ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. வைரஸ் அதில் தொற்றிக்கொண்டு, நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டர் வரை தண்டுவடத்தை நோக்கி ஏறுகிறது. அறிகுறி தெரிய பெரும்பாலும் 2, 3 மாதம் ஆகும். ஒரே வாரத்திலும் வரலாம், ஒரு வருடம் கழித்தும் வரலாம். முகம், கழுத்து, விரல் நுனி போன்ற நரம்பு அடர்ந்த இடங்களில் கடிபட்டால் ஆபத்து அதிகம்.

நரம்புக்குள் நுழைந்த வைரஸை ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் புரதம்) எட்டிப் பிடிக்க முடியாது. மூளையை அடைந்து அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. அது நரம்பில் ஏறுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். செய்கிற எல்லாமே அதற்காகத்தான்.

முதல் வேலை சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவது. ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துவிடும். பலர் ஒரு நிமிடத்தில் கழுவி முடித்துவிடுகிறார்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், பிறகு போவிடோன் அயோடின் தடவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காபிப் பொடி எதையும் அப்பக்கூடாது. அவை புண்ணை மேலும் கிளறி, கழுவ வேண்டிய எச்சிலை உள்ளேயே அடைத்துவிடும்.

இரண்டாவது, கடிவாயில் போட்ட மருந்து. அது இம்யூனோகுளோபுலின், அதாவது ஏற்கெனவே தயாராக இருக்கும் ஆன்டிபாடி. தடுப்பூசி போட்டு நம் உடம்பு சொந்தமாக ஆன்டிபாடி தயாரிக்க 7 முதல் 14 நாள் ஆகும். அந்த இடைவெளியில் வைரஸை அது இருக்கும் இடத்திலேயே செயலிழக்கச் செய்வது இந்த மருந்துதான். அதனால்தான் கடிவாய்க்குள்ளும் சுற்றியும் போடுகிறார்கள். இடுப்பில் போட்டால் கணுக்காலுக்குப் போதிய அளவு வந்து சேராது. குதிரையிலிருந்து எடுத்த மருந்தானால் உடல் எடையில் கிலோவுக்கு 40 யூனிட், மனிதரிடமிருந்து எடுத்ததானால் 20 யூனிட். 30 கிலோ பையனுக்கு 1,200 அல்லது 600 யூனிட் வரை போடலாம். காயம் நிறைய இருந்து மருந்து போதவில்லையானால் சலைன் கலந்து எல்லாக் காயத்துக்கும் பிரித்துப் போடுவார்கள். முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் கடந்துவிட்டால் இதைப் போடுவதில்லை. அதற்குள் உடம்பு தானே ஆன்டிபாடி தயாரிக்கத் தொடங்கியிருக்கும். வெளியிலிருந்து கொடுப்பது அதற்குக் குறுக்கே நிற்கும்.

மூன்றாவது, தோளில் போட்ட குட்டி ஊசி. தோலுக்குள் போடும் முறை இது: ஒவ்வொரு தோளிலும் 0.1 மி.லி., 0, 3, 7, 28ஆம் நாள்களில். 0 என்பது முதல் ஊசி போட்ட நாள். தசையில் போடும் முறையில் ஒவ்வொரு தடவையும் முழுக் குப்பி, 0, 3, 7, 14, 28 என்று ஐந்து தடவை. கிருமியை அடையாளம் கண்டு நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குத் தகவல் கொண்டுபோகும் செல்கள் தசையைவிடத் தோலில் மிகுதி. அதனால் கொஞ்சம் மருந்தே போதும், பலனில் குறைவில்லை. ஆனால் கை பழகியிருக்க வேண்டும். சரியாகப் போட்டால் அந்த இடத்தில் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக ஒரு சின்னக் கொப்புளம் எழும்பும். எழும்பாவிட்டால் மருந்து தோலுக்குக் கீழே இறங்கிவிட்டது என்று பொருள். பக்கத்தில் இன்னொரு தடவை போட வேண்டும். அடுத்த ஊசியின்போது நீங்களே கவனித்துப் பார்க்கலாம். எந்த முறையானாலும் புட்டத்தில் மட்டும் போடக்கூடாது. அங்கே கொழுப்பு அதிகம், மருந்து சரியாக உறிஞ்சப்படாது.

தையல் போடாததும் சரியே. ஊசியும் நூலும் வைரஸை ஆழத்துக்குக் கொண்டுபோய் நரம்பு நுனியில் சேர்த்துவிடக்கூடும். கட்டாயம் தைத்தே ஆக வேண்டிய பெரிய காயமானால், இம்யூனோகுளோபுலின் போட்ட பிறகு, தளர்வாக.

நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. நாயின் மூளைக்குப் போன பிறகுதான் வைரஸ் எச்சிலுக்கு வரும். அந்த நிலைக்கு வந்த நாய் பத்து நாளுக்குள் செத்துவிடும். ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருக்கக்கூடாது. ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் நாயைக் கவனிக்க வேண்டும்.

நகக்கீறல்தான், ரத்தம் வரவில்லை. அதற்கும் ஊசி வேண்டுமா? எங்கள் தாத்தாவுக்குத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டார்களாம். இப்போது ஏன் இல்லை?
— வாசகி, தேனி

ரத்தம் வராத கீறலுக்குத் தடுப்பூசி வேண்டும், இம்யூனோகுளோபுலின் வேண்டாம். காயமில்லாத தோலை நாய் நக்கினால் கழுவினால் போதும். கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டால் இரண்டுமே வேண்டும். முன்பு முழுமையாக ஊசி போட்டுக்கொண்டவர் மறுபடி கடிபட்டால் 0, 3ஆம் நாள்களில் போட்டுக்கொள்ள வேண்டும். கடிவாய் மருந்து தேவையில்லை. நாய்க்குட்டிதானே என்று விடுவது பெரிய தவறு. குட்டிக்கும் ரேபிஸ் வரும்.

தாத்தாவுக்குப் போட்டது ஆட்டு மூளையில் வைரஸை வளர்த்து, ஃபீனாலால் கொன்று தயாரித்த செம்பிள் தடுப்பூசி. இமாச்சலத்தின் கசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல் உருவாக்கியது. மருந்தின் அளவு அதிகம், அதனால் இடம் அதிகமுள்ள வயிறு. மூளைத் திசு கலந்திருந்ததால் சிலருக்கு உடம்பே தன் நரம்புறையைத் தாக்கி வாதம் வந்தது. 2000களின் நடுவில் இந்தியா அதைக் கைவிட்டது. இப்போதைய மருந்து ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் தயாராகிறது. 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் செல் வளர்ப்புத் தடுப்பூசி தயாரித்திருக்கிறது.

ஒன்பது மாதக் குழந்தைக்குத் தட்டம்மை - ரூபெல்லா ஊசி போட்டோம். அன்று ஒன்றுமில்லை. எட்டாம் நாள் காய்ச்சல், மார்பில் லேசான சிவப்புத் தடிப்பு. ஊசியால்தானா? இன்னொன்று: புதன்கிழமை மதியம் போனபோது குப்பியில் மருந்து இருந்தும் நர்ஸ் அம்மா கொட்டிவிட்டு அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டார். இப்படி வீணாக்கலாமா?
— வாசகி, அரியலூர்

ஊசியால்தான், கவலைப்பட ஒன்றுமில்லை. இதில் இருப்பது உயிருள்ள, வலுக்குறைந்த வைரஸ். உடம்புக்குள் போய்ப் பெருக அதற்கு ஒரு வாரம் வேண்டும்; ஆகவே காய்ச்சல் 7 முதல் 12 நாளுக்குள் எட்டிப் பார்க்கும். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் போடும், ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசிக்கு அன்று மாலையோ மறுநாளோ காய்ச்சல் வரும், ஏனென்றால் அதில் பெருக எதுவும் இல்லை. ஏற்கெனவே இருக்கிற கிருமிக்கூறுகளுக்கு உடம்பு உடனே பதில் சொல்கிறது. உங்கள் குழந்தையின் தடிப்பு மற்றக் குழந்தைகளுக்குத் தொற்றாது. எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும். மூன்று நாளுக்கு மேல் நீடித்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ காட்டுங்கள்.

நர்ஸ் செய்தது மிகச் சரி. பாராட்ட வேண்டிய விஷயம். இந்த மருந்து உலர்ந்த தூளாக வருகிறது. கூடவே வரும் நீர்மத்தைக் கலந்துதான் போட வேண்டும். இதில் கிருமித்தடுப்புப் பொருள் எதுவும் சேர்ப்பதில்லை, சேர்த்தால் வைரஸே செத்துவிடும். கலந்தபின் குப்பிக்குள் ஒரு பாக்டீரியா நுழைந்துவிட்டால் பெருகி நஞ்சு கக்கும். அதனால் கலந்த நேரத்தைக் குப்பியில் எழுதி வைத்து, 4 மணி நேரம் ஆனதும் மிச்சத்தை எறிந்துவிட வேண்டும் என்பது விதி. விதியை மீறிய இடங்களில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். பென்டாவேலன்ட் போன்ற சில குப்பிகளை, சரியான குளிரில் இருந்தால், திறந்து 28 நாள் வரை பயன்படுத்தலாம். அதைப் பார்த்துவிட்டு இதையும் அப்படியே நினைக்கிறார்கள்.

பிறந்ததுமே போடாமல் ஒன்பது மாதம் காத்திருப்பது ஏன் என்றும் பலர் கேட்கிறார்கள். தொப்புள்கொடி வழியே தாயின் ஆன்டிபாடி குழந்தைக்கு வந்திருக்கும். அது இருக்கும்போது போட்டால் தடுப்பூசி வைரஸ் பெருகும் முன்பே அழிந்துவிடும். ஒன்பதாம் மாதத்தில் போடும்போதுகூட நூற்றில் 85 குழந்தைகள் அளவுக்கே பலன் கிடைக்கிறது. தவறிய 15 பேரைப் பிடிக்கத்தான் 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது ஊசி. முதல் ஊசி போட்டாச்சே என்று அதை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம்.

தட்டம்மையைச் சின்ன நோயாக நினைக்காதீர்கள். ஒருவரிடமிருந்து, எதிர்ப்புச் சக்தி இல்லாத 12 முதல் 18 பேருக்குப் பரவக்கூடியது. இருமியவர் அறையைவிட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் நிற்கும். அது முதலில் பிடிப்பதே நோய் எதிர்ப்பு செல்களைத்தான், அதிலும் பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் செல்களை. 2019இல் வெளியான ஆய்வில், தட்டம்மை வந்துபோன குழந்தைகளிடம் மற்ற நோய்களுக்கு எதிரான ஆன்டிபாடிகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன. அம்மை இறங்கிய பிறகு நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் வந்து குழந்தை நொடித்துப்போவது இதனால்தான். தட்டம்மை வந்த குழந்தைக்கு வைட்டமின் ஏ இரண்டு நாள் அடுத்தடுத்துக் கொடுக்க வேண்டும்: ஒரு வயதுக்கு மேல் 2 லட்சம் யூனிட், 6 முதல் 11 மாதம் வரை 1 லட்சம். வேப்பிலை கட்டுவது உங்கள் நம்பிக்கை. இந்த மருந்தை விட்டுவிடாதீர்கள்.

ஹெபடைட்டிஸ் பி ஊசி மருந்தைக் கடையில் வாங்கி வந்து ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். உறைந்துவிட்டது. உருக வைத்துப் போட்டுக்கொள்ளலாமா?
— வாசகர், கும்பகோணம்

கூடாது. அதில் வைரஸே இல்லை. வைரஸின் மேலுறைப் புரதத்தை மட்டும் ஈஸ்ட் செல்களில் தயாரித்து, அலுமினிய உப்புத் துகளில் ஒட்டவைத்திருக்கிறார்கள். உறைந்தால் துகள்கள் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு புரதத்தின் வீரியம் போய்விடும். உருகியபின் குலுக்கிவிட்டு வைத்துப் பாருங்கள்: மேலே தெளிந்த நீர், அடியில் சீக்கிரமே வண்டல். போட்டாலும் பாதுகாப்பு இல்லை, வலிதான் மிச்சம். 2 முதல் 8 டிகிரி வரை உள்ள நடுத்தட்டுதான் சரியான இடம். கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடேறும். தட்டம்மைத் தூளுக்கும் போலியோ சொட்டு மருந்துக்கும் உறைவது பிரச்சினை இல்லை, வெப்பம்தான் பகை. மருந்துக்கு மருந்து குணம் மாறும்.

பெரியவர்களுக்கு 0, 1, 6 மாதங்களில் மூன்று ஊசி. பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. இதில் தாமதம் செய்யக்கூடாது. பிரசவத்தில் தாயிடமிருந்து தொற்று வாங்கும் குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு வைரஸ் கல்லீரலிலேயே தங்கிவிடுகிறது. பெரியவர்களில் அப்படி ஆவது நூற்றில் ஐந்துக்கும் குறைவு. தாய்க்குத் தொற்று இருப்பது தெரிந்தால் குழந்தைக்கு இம்யூனோகுளோபுலினும் மற்றத் தொடையில் போட வேண்டும், 12 மணி நேரத்துக்குள்.

அம்மாவுக்கு வயது 62. இடுப்பின் ஒரு பக்கம் அக்கி வந்திருக்கிறது. சின்ன வயதில் சின்னம்மை வந்தவர். அம்மை ஒருமுறை வந்தால் திரும்ப வராது என்பார்களே? குயவர் வீட்டில் காவியால் அக்கி எழுதச் சொல்கிறார்கள். வீட்டில் மூன்று மாதப் பேரன் வேறு.
— வாசகி, ஈரோடு

சின்னம்மை வைரஸ் போகவே இல்லை. கொப்புளம் காய்ந்ததும் அது தோலின் நரம்பு வழியே ஏறி, தண்டுவடத்தை ஒட்டியுள்ள நரம்பு முடிச்சில் அடங்கிவிடும். வயதோ, சர்க்கரையோ, ஸ்டீராய்டு மாத்திரையோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும்போது, அதே நரம்பில் இறங்கி அந்த நரம்புக்குரிய தோலில் கொப்புளமாக வருகிறது. அதனால்தான் அக்கி ஒரு பக்கம் மட்டும், பட்டையாக, நடுக்கோட்டைத் தாண்டாமல் நிற்கிறது.

கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்க வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமாகத் தருவது அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், நாளுக்கு ஐந்து வேளை, ஏழு நாள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு குறையும், ஆகவே டாக்டரைப் பார்த்துத்தான். பிந்தினால் புண் ஆறிவிடும், வலி மட்டும் மாதக்கணக்கில் நிற்கும். காவி எழுதினால் குணமாகிறது என்ற நம்பிக்கைக்குக் காரணம், கொப்புளம் 7 முதல் 10 நாளில் எப்படியும் காய்ந்துவிடுவதுதான். காவி மண் உடைந்த கொப்புளத்தில் பட்டுச் சீழ் பிடிக்கலாம். அதைவிட மோசம், 72 மணி நேரம் அதிலேயே போய்விடுவது. மூக்கு நுனியில் கொப்புளம் வந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். கண்ணுக்கும் போவது அதே நரம்புதான்.

பேரனுக்கு அக்கி தொற்றாது, ஆனால் கொப்புள நீர் பட்டால் சின்னம்மை வரலாம். பொருக்குத் தட்டும் வரை இடத்தை மூடி வையுங்கள், குழந்தையைத் தூக்க வேண்டாம். 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அக்கித் தடுப்பூசி இருக்கிறது. வைரஸின் ஒரே ஒரு புரதத்தில் ஆனது, 2 முதல் 6 மாத இடைவெளியில் இரண்டு ஊசி. விலை அதிகம்தான். சர்க்கரை நோயாளிக்கு அந்தச் செலவு தகும் என்பது எங்கள் கருத்து.

போன வருடம் ஃப்ளூ ஊசி போட்டும் காய்ச்சல் வந்தது. இந்த வருடமும் போடச் சொல்கிறார் டாக்டர். தட்டம்மை ஊசி இரண்டோடு முடிகிறதே, இது மட்டும் ஏன் வருடாவருடம்?
— வாசகர், காரைக்குடி

தட்டம்மைத் தடுப்பூசியின் மூல வைரஸ் 1954இல் அமெரிக்காவில் ஒரு சிறுவனிடமிருந்து எடுத்தது; இன்றைக்கும் அதன் வழிவந்ததுதான் பயன்படுகிறது. செல்லைப் பிடிக்கும் தன் புரதத்தை அதிகம் மாற்றிக்கொண்டால் அந்த வைரஸால் செல்லைப் பிடிக்கவே முடியாது. ஃப்ளூ வைரஸ் அப்படியல்ல. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் புரதம் மாறினாலும் அதன் வேலை நடக்கும். தவிர, அதன் மரபுப்பொருள் 8 தனித்துண்டுகள்; ஒரே செல்லில் இரண்டு வகை ஃப்ளூ நுழைந்தால் துண்டுகள் கலந்து புதிது பிறக்கும். 2009இன் பன்றிக் காய்ச்சல் அப்படி வந்தது. அதனால் உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், எந்த வகைகளைச் சேர்ப்பது என்று அறிவிக்கிறது. எந்தப் பருவத்துக்கானது என்பது பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். அதற்குள் தொற்றினால் காய்ச்சல் வரத்தான் செய்யும். ஊசியிலிருந்து ஃப்ளூ வராது, அதில் இருப்பது செத்த வைரஸின் கூறுகள். ஜலதோஷம் தரும் வைரஸ்கள் நூற்றுக்கு மேல் உண்டு. அவற்றுக்கு இந்த ஊசி பொறுப்பல்ல. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் தவறாமல்.

டெங்குவுக்கு ஏன் இன்னும் ஊசி போடுவதில்லை?
— வாசகர், திருநெல்வேலி

டெங்குவில் நான்கு வகை. ஒரு வகை வந்துபோனால் அதற்கு எதிர்ப்பு நிற்கும். வேறு வகை வரும்போது பழைய ஆன்டிபாடி அதை முழுதாக அடக்காமல் அரைகுறையாக ஒட்டிக்கொண்டு, ரத்த வெள்ளையணுக்களுக்குள் நுழைய வழி செய்துவிடும். இரண்டாவது டெங்கு கடுமையாவது அதனால். நான்கையும் சமமாக அடக்காத தடுப்பூசி முதல் தொற்றின் வேலையைச் செய்துவிடக்கூடும். பிலிப்பைன்ஸில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு டெங்வாக்சியா என்ற டெங்கு தடுப்பூசியைப் போட்ட பிறகு, முன்பு டெங்கு வராதவர்களுக்கு அது ஆபத்தைக் கூட்டலாம் என்று 2017 நவம்பரில் தயாரிப்பாளரே அறிவிக்க, திட்டம் நின்றது. பிறகு வந்த இன்னொரு தடுப்பூசியை உலக சுகாதார நிறுவனம் டெங்கு மிகுந்த பகுதிகளில் 6 முதல் 16 வயதினருக்குப் பரிந்துரைத்திருக்கிறது. இந்தியாவில் ஒரே ஊசியில் நான்கு வகைக்குமான தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை 2024 ஆகஸ்டில், 10,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் தொடங்கியது. தொட்டியை மூடி வைப்பதையும் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுவதையும் விடாதீர்கள். கொசு முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும்.

சுருக்கமாக

போலியோ சொட்டு போட்டதும் தாய்ப்பால் கொடுக்கலாமா? (வாசகி, நாகர்கோவில்): கொடுக்கலாம். சொட்டை உடனே கக்கிவிட்டால் மறுபடி போடச் சொல்லுங்கள்.

சொட்டு மருந்தும் ஊசியும் இரண்டும் எதற்கு? (வாசகர், சேலம்): சொட்டு குடலில் வைரஸ் ஒட்டாமல் தடுத்துப் பரவலை நிறுத்துகிறது, ஊசி ரத்தத்தில் தடுத்து வாதம் வராமல் காக்கிறது. நம் ஊர்க் குழந்தைகளின் குடலில் சொட்டு மருந்து மேலை நாடுகளில் போல முழுப்பலன் தருவதில்லை என்று வேலூரில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1970களிலேயே காட்டினார். அதனால்தான் பல தவணை.

ஊசித் தவணை இரண்டு மாதம் தள்ளிப்போய்விட்டது, முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? (வாசகி, தர்மபுரி): வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள வைரஸ் ஊசிகள் இரண்டு பாக்கியிருந்தால் ஒரே நாளில் போடலாம். முடியாவிட்டால் இடையில் நான்கு வாரம் விட வேண்டும். அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள்.